வியட்நாம் போர் ஜிப்போ லைட்டர், ஒரிஜினலா டூப்பான்னு பாக்கத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, அவசர உதவி. தங்கச்சி மாப்பிள்ளை இப்ப சைகோன்ல பழைய ராணுவ சாமான் விக்கிற கடைல நின்னுட்டு ஒரு ஜிப்போ லைட்டர் போட்டோ அனுப்பிருக்காரு. ஒரு பக்கம் "டா நாங் 68-69", மறுபக்கம் வியட்நாம் மேப். அப்ப அமெரிக்க சிப்பாய்ங்க பிஎக்ஸ்ங்குற ராணுவ முகாம் கடைல லைட்டர வாங்கி, தெருவோரம் செதுக்குறவங்ககிட்ட குடுத்து ஊர் பேரு, வருஷம், மேலதிகாரிய திட்டுறதுன்னு என்னென்னமோ எழுதிக்குவாங்க (ஒரு வருஷ டியூட்டி, நாள் எண்ணிட்டே கெடந்தவங்க, வேற என்ன பண்ணுவாங்க).

அடியில இடது பக்கம் மூணு கோடு, வலது பக்கம் ரெண்டு. தயாரிச்ச வருஷத்த ஜிப்போ கம்பெனி இந்த கோட்டு எண்ணிக்கைலதான் காட்டும்: 1966ல எட்டு, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு கொறையும், அப்ப இது 1969, கணக்கு சரியாத்தான் வருது. ஆனா மூடியில முலாம் தேஞ்சு பித்தளை தெரியுது, எழுத்து மட்டும் நேத்து வெட்டுன மாதிரி கூரா இருக்கு, அதான் இடிக்குது. பழைய லைட்டர்ல புதுசா செதுக்கியும் விக்கிறாங்களே, எழுத்தோட பள்ளத்துல என்ன பாக்கணும்? உள்ள இருக்குற பர்னர கழட்டிப் பாத்தா ஏதாவது தெரியுமா?

கூடவே சி-ரேஷன்ங்குற ராணுவ சாப்பாட்டு டின் தொறக்குற பி-38 ஓப்பனர் ஒண்ணு சும்மாவே தர்றேங்குதாம் அந்தக் கடைக்காரம்மா, எனக்கு அதுலதான் சந்தேகம் ஜாஸ்தியாகுது. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்கப்பா, மனுஷன் கடை வாசல்லயே நிக்கிறாரு.