கர்லர்ல முடி சுருட்டும்போ விரல் சுடாம இருக்க என்ன செய்யணும்?

தக்கலைக்காரி:
அக்காமாரே, தங்கச்சி மகளுக்கு வர்ற ஞாயிறு கோயில்ல புது நன்மை (முதல் நற்கருணை). வெள்ள கவுனு, பூ கிரீடம் எல்லாம் ரெடி, முடிய மட்டும் கீழ சுருட்டி விடணும்னு பிள்ளைக்கு ஆச, நான் செஞ்சு விடுதேன்னு சொல்லியாச்சு. முடிய கவ்வுற கிளாம்ப் இல்லாத, வெறும் கம்பி மாதிரி இருக்க வாண்ட் மாடல் கர்லர் தான் இருக்கு, எனக்க முடியில பழகும்போ பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாறி மாறி சுடுது. கூட தந்த கிளவுஸ் போட்டா முடி கைக்கு அகப்படவே மாட்டேங்குது. பார்லர்ல வெறுங்கையால தானே செய்யாவ, அவங்களுக்கு எப்படி சுடாம இருக்கு? நம்ம ஊரு காத்துல அரை மணிக்கூர்ல சுருள் விழுந்துரும்னு 210 டிகிரில வச்சு தான் செய்யேன்.

மார்த்தாண்டம் பார்லர் அக்கா:
மக்களே, மொதல்ல அந்த 210அ கொறை. சின்னப் பிள்ளைக்க முடி மெல்லிசு, 150 கிட்ட வச்சாலே தாராளம். சூட்ட கூட்டினா சுருள் நிக்கும்னு எல்லாரும் நெனைக்காவ, ஆனா நிக்க வைக்கது சூடு இல்ல, ஆறுறது தான். சூட்டுல முடிக்குள்ள இருக்க பிணைப்பு இளகும், ஆறும்போ எந்த வடிவுல இருக்கோ அதுலயே இறுகிரும், ஈரக் காத்து பட்டா திரும்பவும் இளகும், அதான் கடலோரம் குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் கல்யாணப் பொண்ணுக்கு செய்யப் போனா நாங்க ஒவ்வொரு சுருளையும் உருட்டி கிளிப் மாட்டி நல்லா ஆற விட்டுட்டு தான் அவுப்போம். சுருள எடுத்த உடனே உள்ளங்கையில ஏந்தாத, அந்த முடியே சுடும், டெயில் கோம்ப் (கம்பி வால் வச்ச சீப்பு) கம்பில தாங்கி மேல கொண்டு போ. ஹேர் ஸ்ப்ரே வாண்ட ஆஃப் பண்ணி தள்ளி வச்ச பெறவு தான், அதுல ஆல்கஹால் உண்டு, குப்புன்னு பத்தும்.

இனி விரலு. சுடுகது எப்பவும் கடைசி ஒரு இஞ்சுல தான். நுனி வரைக்கும் கம்பில ஒட்டணும்னு விரல் கூடவே போவும். நுனிய சுத்தாத, ஒன்றரை இஞ்சு வெளிய விட்டு அத பிடிச்சுக்கிட்டு நில்லு, நுனி கொஞ்சம் நேரா நின்னா பாக்கவும் கொள்ளாம். வாண்டுக்க பிடி மேலயும் மொனை கீழயும் இருக்கணும், முடிய மேல இருந்து கீழ சுத்திட்டு வந்தா உனக்க கை மொனைக்கும் கீழ தான் வந்து நிக்கும், கம்பிக்கு பக்கத்துல வரவே வராது. மொனையில கருப்பு பிளாஸ்டிக் இருக்குல்லா, தொட்டே ஆவணும்னா அந்த எடம் மட்டும். பிளக் மாட்டாம பத்து இருபது தடவ சுத்திப் பாரு, கை பழகிரும். கண்ணாடி பாத்து தனக்குத் தானே செய்யது தான் பாடு, கை எதிர்ப்பக்கமா சாடும், பிள்ளைக்கு பின்னால நின்னு செய்யது லேசு.

கடலோரம்:
அக்கா சொன்னது சரி. கிளவுஸ அப்படியே ஒதுக்காதீங்க, எல்லா விரலுக்கும் வேண்டாம், பழைய கிளவுஸ்ல ரெண்டு விரல வெட்டி பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் மட்டும் உறை மாதிரி மாட்டினா பிடி கிடைக்கும். ஆனா அது தெரியாம பட்டா காப்பாத்த தான், கம்பிய பிடிச்சுட்டு நிக்கதுக்கு இல்ல. நனைஞ்ச கிளவுஸ் போடவே கூடாது, ஆவியாகி உள்ள வெந்துரும். தலையில எண்ணெய் வச்சிருந்தாலும் ஈரம் இருந்தாலும் கர்லர் பக்கமே போவாதீங்க, நம்ம வீட்டுல காலைல பிள்ளை தலைல தேங்காண்ணெ தேய்ச்சு விடாம இருக்க மாட்டாவ, மொதல்லயே சொல்லி வைங்க. பெறவு கரண்ட் போனா பிளக்க உருவிருங்க, திரும்ப வரும்போ மெத்தை மேல கெடக்கது யாருக்கும் தெரியாது.

நர்ஸ் நாகர்கோவில்:
சுட்டா என்ன செய்யணும்னு யாரும் சொல்லல, அதனால சொல்லுதேன். 70 டிகிரி தண்ணி பட்டாலே ஒரு செகண்டுல தோலு வெந்துரும், கர்லர் சூடு அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. உடனே மோதிரத்த கழத்திருங்க, வீங்கினா வராது. பைப்ப தொறந்து ஓடுற தண்ணில 20 நிமிஷம் காட்டணும், எரிச்சல் கொறைஞ்சுட்டுன்னு ரெண்டு நிமிஷத்துல எடுக்கக் கூடாது. பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் ஒண்ணும் வேண்டாம். கொப்புளத்த உடைக்காதீங்க, சுத்தமான துணியால லேசா மூடுங்க. முகத்துலயோ கண்ணு பக்கமோ பட்டா, இல்ல சுகர் இருக்கவங்களுக்கு பட்டா, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்து ஆஸ்பத்திரியோ அன்னைக்கே போயிருங்க.

தக்கலைக்காரி:
ரொம்ப நன்றி அக்காமாரே, 150ல வச்சு நுனிய விட்டு செஞ்சேன், விரல்ல படல. ஆனா பிள்ளை ஒரு எடத்துல இருக்க மாட்டா, கழுத்துல பட்டுருமோன்னு பயமா இருக்கு.

மார்த்தாண்டம் பார்லர் அக்கா:
அப்போ கர்லரே வேண்டாம் மக்களே. சனிக்கிழம ராத்திரி முடிய லேசா நனைச்சு, முக்கால்வாசி காஞ்ச பெறவு பழைய காட்டன் துணிய ரெண்டு விரல் அகலத்துல கிழிச்சு, நுனில இருந்து மேல சுருட்டி முடிச்சு போட்டு தூங்க வை. காலைல நல்லா காஞ்சிருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு அவுத்து, சீப்பு போடாம விரலாலயே கோதி விடு. முன்னால நெத்திப் பக்கம் ஒண்ணு ரெண்டு சரியா விழலன்னா அதுக்கு மட்டும் வாண்ட எடு, அதுவும் காதையும் கழுத்தையும் ஒரு டவலால மூடிட்டு.