புதுப்பிப்பு: மழையில் எரிந்த ஏபிஎஸ், ஸ்டியரிங் விளக்குகள் அணைந்தன

மழை பெய்தால் என் காரில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்குகள் இரண்டும் சேர்ந்து எரிகின்றன, ஸ்கேனரில் யு0121 (ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு அறுந்தது என்ற பிழைக் குறியீடு) வருகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. பலித்தது, மின்தடையை அளக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14ஆம் முனைகளுக்கிடையே அளந்தோம். காரின் யூனிட்டுகள் தமக்குள் தகவல் பரிமாறும் கேன் தடத்தின் இரு கம்பிகளும் அங்கேதான் வருகின்றன. 60 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 120. அந்தத் தடத்தின் இரு கடைசியிலும் தலா 120 ஓம் தடை உண்டு, இரண்டும் இணையாக இருந்தால் 60; அவற்றில் ஒன்றின் இணைப்பு அறுந்திருந்தது. என் காரில் அந்தத் தடை ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருக்கிறது. காக்கி புக்கிட்டில் உள்ள பட்டறையில் அந்த யூனிட்டின் கனெக்டரைக் கழற்றினால், ஓர் ஊசி முழுக்கப் பச்சைக் களிம்பு! துடைத்து மாட்டியதும் 60. யூனிட்டையே மாற்றச் சொன்ன முதல் பட்டறைக்கு ஒரு கும்பிடு.

எதிர்பாராதது: ஸ்டியரிங் விளக்கும் தானாக அணைந்தது. அதற்கான வேகத் தகவல் ஏபிஎஸ்ஸிலிருந்துதான் போகிறதாம். கனெக்டரின் கிழிந்த ரப்பர் வளையத்தையும் மாற்றிவிட்டோம்.