ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா? ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

உயிரியல் ஆசிரியை, திருக்காட்டுப்பள்ளி:

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சாத்தனூர் கல்மரம் பார்க்க அழைத்துப் போயிருந்தேன். திருமானூரில் கொள்ளிடத்தைத் தாண்டும்வரை பாட்டும் கைதட்டலுமாக வந்தவர்கள், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அந்த மரத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார்கள். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கே வரை இருந்தது, மரம் கடலடி மண்ணில் புதைந்து கல்லாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இது ஒரு காலத்தில் உயிரோடு நின்ற மரம்தானா? ஆண்டவர் படைக்கும்போதே கல்லாகப் படைத்திருக்கலாமே?"

மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் அவர்களை அடக்காமல், "நேரமாகிவிட்டது, பஸ்ஸில் ஏறுங்கள்" என்றேன். திரும்பும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அது என் மனதை அறுக்கிறது.

என் அப்பா உபதேசியார். பூண்டி மாதா கோயில் மணியோசை கேட்டு வளர்ந்தவள் நான். 12 கோடி ஆண்டு என்ற கணக்கு என் விசுவாசத்துக்கு ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. ஆனால் அவள் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. 1857-லேயே ஒரு நல்ல விஞ்ஞானி அதற்காக ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். பெயர் பிலிப் ஹென்றி காஸ். கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் பழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர். 'அக்வேரியம்' என்ற சொல் இன்று நம் வாயில் புழங்குகிறதென்றால் அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கடற்சாமந்திகளை அவரைப் போலப் பொறுமையாகப் பார்த்து வரைந்தவர்கள் குறைவு. அந்த 1857 பிப்ரவரியில்தான் அவருடைய மனைவி மார்பகப் புற்றுநோயில் இறந்தார். ஆண்டு முடிவதற்குள் புத்தகம் வந்துவிட்டது. 'ஓம்பலோஸ்' என்று பெயர், கிரேக்கத்தில் தொப்புள்.

அவர் வாதம் இது: கோழியிலிருந்து முட்டை, முட்டையிலிருந்து கோழி, உயிர் என்பது சுற்றி வரும் வட்டம். படைத்தவர் அந்த வட்டத்தில் எந்த இடத்தில் கைவைத்துத் தொடங்கினாலும், அதற்கு முந்தைய சுற்றின் அடையாளம் அந்த உயிரின்மேல் இருந்தே தீரும். தாய் வயிற்றில் கிடக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருக்கும். முதல் நாள் மரத்துக்கும் வளையம் இருக்கும். அப்படியே பூமியும் புதைபடிவங்களோடுதான் பிறந்தது என்றார். புத்தகத்தை ஏற்றவர்கள் மிகச் சிலர். அவருடைய நண்பரும் குருவானவருமான சார்லஸ் கிங்ஸ்லியே, கடவுள் பாறைகளில் இத்தனை பெரிய பொய்யை எழுதி வைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்லலாமா? அவள் விசுவாசத்தை நான் உடைத்ததாக ஆகிவிடுமா?

தஞ்சை வாசகர்:

வகுப்பில் வேண்டாம், அம்மா. உலகம் நேற்று மாலைதான் நம் நினைவுகளோடு சேர்த்துப் படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னாலும் இதே வாதம் பொருந்தும். எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத கருத்தை அறிவியல் பாடத்தில் எங்கே வைப்பது? கல்மரம் உயிரோடு நின்ற மரம்தான் என்று நேராகச் சொல்லுங்கள்.

கும்பகோணம், தாவரவியல்:

சொல்லுங்கள், ஆனால் காஸுக்கு அநியாயம் செய்யாமல் சொல்லுங்கள். நம் விசுவாசத்தைச் சோதிக்கக் கடவுள் புதைபடிவங்களை ஒளித்துவைத்தார் என்று அவர் சொன்னதாகப் பலரும் எழுதுகிறார்கள். அது அவர் கருத்தல்ல. படைப்பின் ஒழுங்கே அப்படித்தான் இருக்க முடியும் என்றார். பாறை அடுக்குகளை ஆராயும் வேலைக்கும் தம் கருத்தால் குறை வராது என்று நம்பினார்.

இன்னொன்று. உங்கள் மாணவிக்குத் தரங்கம்பாடியையும் காட்டுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற போதகர் ஞாயிறு பிரசங்கமும் செய்தார், இந்தக் கரையின் உயிரினங்களையும் சேகரித்தார். நம் பக்கத்து மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் அவர் பெயர்தான் இருக்கிறது. ஜெபிக்கிறவர் கூர்ந்து பார்க்கவும் செய்யலாம் என்பதற்கு அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் ஓர் ஆள்.

தென்னை விவசாயி, பேராவூரணி:

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், சைவக் குடும்பம். கிரேக்கம் தெரியாது. தென்னை தெரியும். டீச்சர் வளையம் என்று எழுதியிருக்கிறீர்கள். தென்னைக்கு உள்ளே ஆண்டு வளையம் கிடையாது, வெளியேதான் எல்லாம். ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை விடும். மட்டை விழுந்த இடத்தில் தழும்பு நிற்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் எங்கள் தோப்பு படுத்துவிட்டது. நின்ற மரத்தின் உச்சிப் பகுதியை அதற்குமுன் நான் அத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. அப்பா அழவில்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்தின் கொண்டையிலிருந்து தழும்புகளைத் தடவி எண்ணிக்கொண்டே கீழ்நோக்கி வந்தார். ஓரிடத்தில் தண்டு சிறுத்து, தழும்புகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நெருங்கியிருந்தன. அங்கே கையை வைத்து, "இது மேட்டூர் திறக்காத வருஷம்" என்றார். 2002-லும் 2003-லும் ஜூன் 12-க்கு அணை திறக்காமல் குறுவை போயிற்றே, அந்தக் காலம். கிணறும் அடியைத் தொட்டுவிட்டது. அம்மா குடத்தில் சுமந்து வந்து அந்த மரங்களுக்கு ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் மரத்தைத் தழும்போடு படைத்தார் என்றால்கூட ஒத்துக்கொள்வேன், மட்டை விட்டால் தழும்பு வரும், அது ஒழுங்கு. ஆனால் நெருங்கிய தழும்பு ஒழுங்கில் சேராது. அது தவித்த தடம். நடக்காத தவிப்புக்குத் தடம் வைக்கிற சாமியை, நான் கும்பிடும் சாமியாக என்னால் நினைக்க முடியவில்லை. உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள். அவள் ஆண்டவரைப் பெரியவராக வைத்துக்கொண்டே அந்த மரம் வாழ்ந்தது என்று நம்பலாம்.

அந்தத் துண்டை நாங்கள் எரிக்கவில்லை. வாய்க்கால் மேல் பாலமாகக் கிடக்கிறது.

உயிரியல் ஆசிரியை, திருக்காட்டுப்பள்ளி:

அண்ணா, இதை மூன்று முறை படித்துவிட்டேன். கிங்ஸ்லி சொன்னதைவிட நீங்கள் சொன்னது எனக்குக் கிட்டத்தில் இருக்கிறது. காஸ் ஒழுங்கை மட்டும் பார்த்தார், அந்தச் சிறுத்த இடத்துக்கு அவரிடம் என்ன பதில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தஞ்சை ஐயாவுக்கும் நன்றி. இதைப் பாடமாக வைக்கப் போவதில்லை. முதலில் அவளிடம், அன்றைக்குச் சிரித்தவர்களை அடக்காமல் விட்டதற்கு வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

அந்தப் பாலத்தை எடுக்க வேண்டாம். சனிக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நானே வருகிறேன். பட்டுக்கோட்டையில் இறங்கி எந்த பஸ் ஏற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.