மீன்தொட்டியில் நட்ட கிரிப்ட் (கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி) கரைந்து பார்த்திருக்கிறீர்களா?

கூழாங்கல்:
வென்டி என்ற கிரிப்ட், பழுப்பு வகை. ராக்வூலை (நர்சரிச் சட்டியில் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சை) உருவி, வேரை 3 செ.மீ. விட்டு நறுக்கி, 6 செ.மீ. மணலில் இடுக்கியால் சாய்வாகச் செருகியது. மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் காலை விளக்கைப் போட்டால் இலையெல்லாம் கண்ணாடி! தொட்டால் கூழாகி விரலில் ஒட்டுகிறது, காம்பு உட்பட. லேசாக இழுத்தால் வேர் மட்டும் மணலை விடவே மாட்டேன் என்கிறது. அந்தப் பிடிதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

நீர்க்கொடி:
பிடுங்காதீங்க! நர்சரியில் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்ந்த இலை அது. மூழ்கினால் உதவாது, செடியே கைவிட்டுவிடும். இலையை மட்டும் அடியோடு நறுக்கி, கூழைக் குழாயால் உறிஞ்சி எடுங்க. விட்டால் அமோனியா ஏறும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் புது இலை வரும், பழசைவிட ஒடுக்கமாக.

சேற்றுக்கால்:
நீர்க்கொடி சொல்வது பாதிதான். தொட்டியிலேயே வருடக்கணக்காக மூழ்கிக் கிடந்த கிரிப்டை அதே தொட்டியில் ஒரு சாண் தள்ளி நட்டாலும் கரையும். வேர் அறுபடுவது, வெளிச்சம் திடீரென மாறுவது, ரொம்ப நாள் மாற்றாத தண்ணீரை ஒரேயடியாக மாற்றுவது, எதுவும் போதும்.

பாசிப்பகை:
எல்லா அழுகலும் கிரிப்ட் கரைவு ஆகாது. அனுபியாஸ் என்ற இன்னொரு நீர்ச்செடியில் பார்த்தது வேறு: இலை பச்சையாகவே இருக்கிறது, விரல் பட்டதும் காம்போடு கழன்று மிதக்கிறது. தண்டைத் தோண்டினால் பழுப்புக் கூழ், நாற்றம். கிடைத்தண்டை (இலையும் வேரும் கிளம்பும் படுத்த தண்டை) மணலில் புதைத்ததன் பலன். ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ப் பெரணியும் அப்படியே.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அழுகிய பகுதியைக் கூரிய பிளேடால் வெட்டுங்கள். வெட்டுவாய் கெட்டியாக, பச்சையாக வரும் வரை. மூன்று நான்கு இலை உள்ள துண்டு பிழைக்கும். கல்லையும் தண்டையும் துடைத்துவிட்டு, சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) ஜெல் பசை ஒரு பட்டாணி அளவு வைத்து அரை நிமிடம் அழுத்துங்கள். ஜெல்தான், நீராக இருக்கும் பசை ஓடிவிடும். பருத்தி நூலும் போதும். அது மக்குவதற்குள் வேர் கல்லைப் பற்றிக்கொள்ளும். விளக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அனுபியாஸ் மெதுவாக வளரும், அதிக வெளிச்சத்தில் இலைமேல் கரும்பாசிதான் முதலில் வளரும். வேர் மாத்திரையை (மணலில் புதைக்கும் உர மாத்திரையை) அதற்கு வைப்பது வீண், உணவை நீரிலிருந்தே எடுக்கும். மாத்திரை கிரிப்டுக்கு: 10–15 செ.மீ.க்கு ஒன்று, ஆழமாக, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

நீர்க்கொடி:
ஆறு மணி நேரமா? கரியமில வாயு ஒழுங்காகக் கொடுத்தால் 8 தாங்கும்.

பாசிப்பகை:
வாயு இருக்கிற தொட்டியைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்?

கெண்டைவால்:
வாலிஸ்னேரியா. பாசிக்காகத் 'திரவக் கார்பன்' ஊற்றிய தொட்டி. பாசியும் சாகிறது, நாடா நாடாக இருந்த இலையும் நுனியிலிருந்து வெளுத்து இறங்குகிறது. குப்பியில் இருப்பது குளூட்டரால்டிஹைடு, கிருமிநாசினி. வாலிஸ்னேரியா அதைத் தாங்காது. உடனே பாதித் தண்ணீரை மாற்றி, மருந்தை நிறுத்துங்க. நடும்போது இலையும் வேரும் சேரும் வெள்ளைக் கழுத்து மணலுக்கு மேலே தெரியணும். புதைந்தால் மருந்தே இல்லாமலும் அழுகும்.

கூழாங்கல்:
கிரிப்டை நறுக்கியாச்சு. பிடுங்கவில்லை. நடுவில் ஊசி மாதிரி பழுப்பு முனை ஒன்று எட்டிப் பார்க்கிறது, இலையா வேரா?

சேற்றுக்கால்:
இலை. தண்ணீரைக் கலக்காதீங்க.