செட்1 நீக்கிய ஈஸ்டில் டிஎன்ஏ முறிவு குறைகிறதா, தள்ளிப்போகிறதா?

கேள்வி:
எஸ்கே1 என்ற ஈஸ்ட் ஸ்ட்ரெயினில் செட்1 ஜீனை நீக்கி, மியாசிஸ் (ஸ்போர் உண்டாக்கும் குன்றல் பிரிவு) தொடங்கிய 4-ஆம் மணியில் சதர்ன் பிளாட் (டிஎன்ஏ துண்டுகளைப் பட்டையாகக் காட்டும் சோதனை) எடுத்தால் ஹாட்ஸ்பாட்டில், அதாவது முறிவு அடிக்கடி விழும் இடத்தில், முறிவுப் பட்டை மிக மங்கலாக வருகிறது. செட்1 வைக்கும் எச்3கே4 மெத்தில் குறி (எச்3 ஹிஸ்டோன் புரதத்தின் 4-ஆம் லைசினில் ஒட்டும் வேதிக் குறி) இல்லாததால்தான், டிஎன்ஏவை வெட்டும் ஸ்போ11 புரதம் வெட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
ஒரே ஒரு சாம்பிளை வைத்து முடிவு கட்டாதீர்கள். செட்1 இல்லாத செல்லில் மியாசிஸுக்கு முந்தைய டிஎன்ஏ இரட்டிப்பே பிந்திவிடும். இரட்டிப்புக்குப் பிறகுதான் முறிவு என்பதால், உங்கள் 4-ஆம் மணி அந்த செல்லுக்கு இன்னும் விடியாத நேரமாக இருக்கலாம். 0 முதல் 8 மணி வரை மணிக்கொரு சாம்பிள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சத்தை 70% எத்தனாலில் போட்டு ஃபுளோ சைட்டோமெட்ரியில் (செல்லின் டிஎன்ஏ அளவைக் காட்டும் கருவி) 2சி சிகரம் (இரட்டிப்புக்கு முந்தைய அளவு) 4சி-க்கு (பிந்தைய அளவு) எப்போது நகர்கிறது என்று பாருங்கள்.

செட்1 உள்ளது, இல்லாதது என்ற இரண்டு ஸ்ட்ரெயினிலும், வெட்டு முனையிலிருந்து ஸ்போ11-ஐக் கழற்ற உதவும் எஸ்ஏஇ2 ஜீனையும் நீக்கிவிட்டால் இன்னும் தெளிவு. வெட்டிய ஸ்போ11 5' முனையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், முறிவு சரியாகாமல் சேர்ந்துகொண்டே போகும். 8-ஆம் மணியிலும் பட்டை மங்கல் என்றால் குறைவு உண்மைதான். ஆனால் இந்தப் பின்னணி எல்லாப் பகுதி முறிவுகளையும் ஒரே அளவில் காட்டாது, முறிவைச் சரிசெய்ய உதவும் டிஎம்சி1 ஜீனின் நீக்கத்திலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அதில் பட்டை கூர்மையாக இராமல் இழுபட்டுத் தெரியும்.

பதில் 2:
அதற்கு முன் கல்ச்சரைக் கவனியுங்கள். ஒய்பிஏ-வில் (அசிட்டேட் கலந்த வளர்ப்பு ஊடகம்) இரவு முழுக்க 30 டிகிரியில் வளர்த்த செல்களைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, 2% பொட்டாசியம் அசிட்டேட்டில் ஓடி (கலங்கல் மூலம் செல் அடர்த்தியைக் காட்டும் அளவு) 2 வரும்படி கலக்குங்கள். குளுக்கோஸ் துளி மிஞ்சினாலும் மியாசிஸ் தொடங்கத் தயங்கும். 100 மி.லி. கல்ச்சருக்கு 1 லிட்டர் ஃபிளாஸ்க் வேண்டும், காற்று போதாவிட்டால் செல்கள் ஒருசேரப் போகாது. பெட்டிட் செல்கள் (மைட்டோகாண்ட்ரியா பழுதானவை) ஸ்போர் வைக்காது. ஆகவே கிளிசரால் தட்டில் வளர்ந்த காலனியிலிருந்தே தொடங்குங்கள்.

பதில் 3:
குறைவு உறுதியானாலும் காரணம் மெத்தில் குறியேதானா என்பது தனிக் கேள்வி. எச்3-இன் 4-ஆம் லைசினை ஆர்ஜினினாக மாற்றிய ஸ்ட்ரெயினைப் பக்கத்தில் ஓட்டுங்கள். அதிலும் அதே குறைவு வந்தால்தான் பழியை ஹிஸ்டோன் மேல் போடலாம், செட்1-க்கு வேறு வேலைகளும் உண்டு.

2013-இல் தெளிவான வழிமுறை இது: ஸ்பிபி1 புரதம் ஒரு கையால் டிஎன்ஏ லூப்பில் (அச்சிலிருந்து வெளியே நீளும் வளையம்) இருக்கும் மெத்தில் குறியையும், மறு கையால் குரோமோசோம் அச்சில் இருக்கும் மெர்2 புரதத்தையும் பிடித்து, புரோமோட்டரை (ஜீனின் தொடக்கப் பகுதி) ஸ்போ11-இடம் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் அதற்காகக் குறி அடர்ந்த இடமெல்லாம் ஹாட்ஸ்பாட் ஆகிவிடாது. இயங்கும் ஜீன் பெரும்பாலானவற்றின் 5' பக்கத்தில் அந்தக் குறி இருக்கிறது, வெட்டு விழுவதோ நியூக்ளியோசோம் (ஹிஸ்டோனைச் சுற்றிய டிஎன்ஏ உருண்டை) விலகிய இடைவெளியில்.