பெரியப்பாவை இன்று திருச்சிக்கு மாற்றுகிறோம்

செந்தில், காலை 9:12
அப்பாவை மதியம் 2 மணிக்கு கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு மாற்றுகிறோம். வென்டிலேட்டர் வைத்த ஆம்புலன்ஸ் பேசியாகிவிட்டது. டிரைவரும் கூட ஒரு பையனும் வருவார்களாம்.

கவிதா, 9:15
அண்ணா, அந்தப் பையன் யார்? சளி அடைத்தால் அதை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போடவும், மெஷின் நின்றால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கவும் தெரிந்தவரா? இல்லையென்றால் ஐசியூ நர்ஸ் ஒருவரைக் கூட அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

செல்வி அத்தை, 9:18
மெஷின் இருக்கும்போது கையால் எதற்கம்மா?

கவிதா, 9:24
பேட்டரி போகலாம், ஆக்சிஜன் தீரலாம் அத்தை. இரண்டு வருடம் முன்பு நான் கூடப் போன ஒருவரை ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்குத் தூக்கும்போது மூச்சுக்குழாயில் போட்டிருந்த டியூப் வெளியே வந்துவிட்டது, 96 இருந்த சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 70க்கு இறங்கியது, டாக்டர் மறுபடி டியூப் போடும் வரை மாஸ்க் வைத்து பையை அமுக்கித்தான் காப்பாற்றினோம். அதிலிருந்து தூக்கும்போதெல்லாம் என் ஒரு கை டியூபை விட்டு நகராது.

மணி சித்தப்பா, 9:26
ஆக்சிஜன் எவ்வளவு வேண்டும்?

கவிதா, 9:31
சின்ன பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம், பயணமே அவ்வளவு இருக்கும். தஞ்சாவூர் பக்கம் மாட்டிக்கொண்டால்? இரட்டிப்பாகக் கணக்குப் போட வேண்டும், பெரிய டி டைப் இருந்தால் கவலையில்லை. கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள் அண்ணா.
அப்புறம், ஆம்புலன்ஸ் மெஷினை ஐசியூவிலேயே 20 நிமிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாச்சுரேஷனும் பிரஷரும் தாங்கினால்தான் நகர்த்த வேண்டும். பிரஷர் இறங்காமல் இருக்க ஓடும் நாரட்ரினலின் மருந்து வழியில் நின்றுவிடக் கூடாது, இன்னொரு சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைக்கட்டும்.

செந்தில், 11:40
ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் வருகிறார். சிலிண்டரை மாற்றச் சொல்லிவிட்டேன், முதலில் வைத்திருந்தது பாதிதான் இருந்தது.

செல்வி அத்தை, 11:41
முருகா! நல்லவேளை கேட்டாய் கவிதா.

கவிதா, 11:43
உதட்டருகே டியூபில் என்ன எண் தெரிகிறது அண்ணா?

செந்தில், 11:46
22.

கவிதா, 11:46
நர்ஸும் குறித்திருப்பார், நீங்களும் நினைவில் வையுங்கள். ஏற்றியதும், இறக்கியதும் பாருங்கள், எண் மாறியிருந்தால் டியூப் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

செந்தில், மாலை 4:52
வந்து சேர்ந்தோம். வல்லம் தாண்டி ஒருமுறை மெஷின் கத்தியது, சளிதான், நர்ஸ் சக்‌ஷன் போட்டதும் சரியாகிவிட்டது. சாச்சுரேஷன் 95. கட்டிலில் மாற்றும்போது நர்ஸ் டியூபிலிருந்து கையை எடுக்கவே இல்லை கவிதா. 22தான் இருக்கிறது.