சொல் தேவை: மூக்கிலும் சைனஸிலும் வரும் லிம்போமா

மொழிபெயர்ப்பாளர், மட்டக்களப்பு:

எல்லாருக்கும் வணக்கம். காது, மூக்கு, தொண்டை கிளினிக் ஒன்றுக்குத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேணும். கையில் இருக்கிற வரைவில் ‘நாசி மற்றும் நாசிப்புடைக் குழிவு நிணநீர்க்கணுப் புற்றுநோய்’ என்று இருக்கிறது. படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு அம்மா இதை ஒரே மூச்சில் வாசிப்பாவா? சுருக்கமாக ஏதாவது தாருங்கள்.

உயிரியல் ஆசிரியை, அக்கரைப்பற்று:

முதலில் அந்தக் ‘கணு’வை வெட்டுங்கள். இது நிணநீர்க் கணுவுக்கு வெளியே, மூக்குக்கு உள்ளேயே கிளம்புகிற வகை. கெட்டுப்போவது நிணநீர்க்குழியம், அதாவது ஒரு வகை வெள்ளை இரத்தக் கலம். அதனால் ‘நிணநீர்க்குழியப் புற்று’ சரி. சைனஸுக்கு, அதாவது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கிற காற்றறைகளுக்கு, ‘குடா’ போதும். ‘குழிவு’ போட்டால் குழியமும் குழிவும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்ளும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுதாவளை:

குடா அருமை. இலத்தீனிலும் சைனஸ் என்றால் வளைவு, கடல் உள்வாங்கிய இடம். நமக்குப் பாசிக்குடா இருக்கிறதே. ‘குட’ என்ற அடிக்கே வளைவுப் பொருள்தான். குடம், குடங்கை எல்லாம் அந்த வழி. பொழுது வளைந்து இறங்கும் திசை குடக்கு, அப்படிப் பார்த்தால் படுவான்கரையும் ஒரு குடகரைதான், வாவிக்கு மேற்கே கிடக்கிறபடியால். ஆனால் ‘நிணநீர்’ எனக்கு உடன்பாடில்லை. பழம்பாட்டில் நிணம் கொழுப்பு, போர்க்களத்தில் பேய்மகள் தின்பது. தெளிந்து ஓடும் நீருக்கு அதையா சூட்டுவது? ‘ஊன்நீர்’ என்று திருத்துங்கள். லிம்போமா என்று அப்படியே எழுதுவது மட்டும் வேண்டாம். 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர், நாம் அவருக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

டொக்டர், கல்முனை:

மாஸ்டர், ஊன்நீர் என்றால் என்னிடம் வருகிறவர்கள் சீழ் என்றுதான் நினைப்பார்கள். இங்கே எங்களுக்குச் சண்டை பீனிசத்தோடு, அதுதான் சைனஸ் அழற்சி. ஒரு பக்க மூக்கு மட்டும் அடைக்கும், இரத்தம் கசியும், பொருக்குக் கட்டும், கன்னம் வீங்கும். பீனிசம் என்று ஆவி பிடித்து, அன்டிபயோட்டிக் மாற்றி மாற்றிக் குடித்து மாதக்கணக்காகப் போய்விடும். அண்ணத்தில் ஓட்டை விழுகிற அளவுக்கும் முற்றலாம். இன்னொன்று, முதல் பயொப்சியில், அதாவது துண்டு வெட்டிச் சோதிப்பதில், செத்த தசை மட்டும் வந்தால் விடை கிடைக்காது, ஆழமாகத் திரும்ப எடுக்க வேணும். ‘ஒருக்கா வெட்டிப் பார்த்தாச்சு, ஒண்டுமில்லையாம்’ என்று போகிறவரை மறித்துக் கூப்பிடத்தான் இந்தத் துண்டு.

கிழக்காசியாவில் கூடுதலாக வருகிற என்.கே./ரீ கல வகையை, என்.கே. என்றால் ‘நச்சுரல் கில்லர்’ என்பதற்காக, ‘இயற்கைக் கொல்லி’ என்று எழுதிவிடாதீர்கள், தங்கச்சி. கொல்லியைக் கண்டதும் உம்மாமார் அழத் தொடங்கிவிடுவார்கள். அந்த வகையோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சொன்னால், அது பெரும்பாலான ஆட்களின் உடம்பில் ஏற்கெனவே இருக்கிற வைரஸ் என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் வீட்டில் தட்டு, கோப்பை எல்லாம் வேறாக்கிவிடுவார்கள்.

உயிரியல் ஆசிரியை:

அப்போ வெறும் ‘மூக்குக் குடாப் புற்று’ என்று விட்டுவிடலாமே?

டொக்டர்:

முடியாது. சைனஸின் உட்தோலில் வேறு புற்றும் வரும், அதற்குப் பெரும்பாலும் முதலில் சத்திரசிகிச்சை. லிம்போமாவுக்குக் கதிர்வீச்சும் மருந்தேற்றுவதும். ரிப்போர்ட்டிலும் லிம்போமா என்றுதான் இருக்கும், பிரசுரத்தில் வேறு பேர் இருந்தால் இரண்டும் ஒன்றென்று ஆருக்குத் தெரியும்?

தாதி உத்தியோகத்தர், வாழைச்சேனை:

லிம்போமா என்று மட்டும் போட்டால் அது புற்றுநோய் என்றே விளங்காது. சில வீடுகளில் அதுதான் வசதி என்றும் விட்டுவிடுவார்கள். புற்று என்ற சொல் கட்டாயம் வேணும், டொக்டர்.

மொழிபெயர்ப்பாளர்:

சரி, எல்லாருக்கும் களைப்பு. தலைப்பு ‘மூக்குக் குடா லிம்போமா’, அடியிலே ‘ஒரு வகைப் புற்றுநோய், பீனிசம் அல்ல’. குடா எங்கே என்று காட்ட முகப்படம் ஒன்றும் போடுகிறேன். நாலு பேர் ஓம் என்றுவிட்டீர்கள். மாஸ்டர்?

தமிழாசிரியர்:

அச்சடியுங்கள் பிள்ளை, நோயாளியைக் காக்க வைக்க வேண்டாம். ஆனால் என்னை ஓம் பக்கம் எண்ணக்கூடாது. நிணம் பற்றி நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.